அந்தரத்தில் ஒரு நாயகன்

2010 நவம்பர் 28. நியூயார்க் பிராட்வேயில் ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ இசை நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி. செலவு சுமார் ஏழரைக் கோடி டாலர். ஊரைக் காக்கவேண்டிய நாயகன் பார்வையாளர் தலைக்குமேல் அந்தரத்தில் மாட்டிக்கொள்ள, கீழே ஊழியர்கள் அவர் காலைப் பிடிக்க எம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு நடிகர் மேடையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தார். (இது சிரிக்கிற விஷயமல்ல.) விமர்சகர்களுக்கு அரங்கேற்றம்வரை பொறுமையில்லை, 2011 பிப்ரவரியிலேயே கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

ரசிகப் பெருமக்களோ வரிசைகட்டி வந்தார்கள். கதை புரியாவிட்டால் என்ன, தலைக்குமேல் ஆள் பறக்கிறாரே! பாட்டுக்காக வந்தவர்கள்கூட அண்ணாந்து கம்பியைத்தான் பார்த்திருப்பார்கள். முறையான அரங்கேற்றத்துக்கு முன் நடந்த முன்னோட்டங்கள் மட்டும் 182. ஆண்டிறுதி விடுமுறையில் ஒரே வாரத்தில் 29 லட்சம் டாலர் வசூல். அப்படியும் 2014 ஜனவரியில், போட்ட பணத்தில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டுத்தான் திரை விழுந்தது.