மணி எத்தனை? எந்தத் தீவில்?

கேள்வி: ஹனிமூனுக்கு மாலத்தீவு போகிறோம். அங்கே நம்மைவிட அரை மணி பின்னால் என்கிறார் டிராவல் ஏஜென்ட். போய் வந்த நண்பனோ அரை மணி முன்னால் என்று சத்தியம் செய்கிறான். யாரை நம்புவது?
- புது மாப்பிள்ளை, நாகர்கோவில்

பதில்: இருவரையும். தலைநகர் மாலே, விமான நிலையம், மாஃபூஷி போல ஊர்மக்கள் வாழும் தீவுகள் எல்லாம் நம்மைவிட அரை மணி பின்னால். அதுதான் அந்த நாட்டுச் சட்டப்படியான நேரம். ஆனால் ரிசார்ட் தீவுகள் பலவற்றில் மாலேயைவிட ஒரு மணி கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். ‘தீவு நேரம்’ என்று அதற்குப் பெயர். கணக்குப் போட்டால் அது நம்மைவிட அரை மணி முன்னால். ஆக, விமான நிலையத்தில் 9 மணி, உங்கள் மாமனார் வீட்டில் ஒன்பதரை, நீங்கள் தங்கும் அறையில் 10. எல்லா ரிசார்ட்டும் இப்படிச் செய்வதில்லை. அறைச் சாவியை வாங்கும்போதே, “இங்கே மாலே நேரமா, தீவு நேரமா?” என்று கேட்டுவிடுங்கள். புது மனைவி முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தால், காலை இட்லி முடிந்துபோன பிறகு கேட்க நேரிடும். (இட்லி கிடைக்குமா என்பது தனிக் கேள்வி.)

கேள்வி: கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் சூரியன் ஏமாந்துவிடுமா? இது என்ன வேலை?
- ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மன்னார்குடி

பதில்: சூரியன் ஏமாறாது. விருந்தாளி ஏமாறுவார், அதுவும் சந்தோஷமாக. மாலத்தீவு பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கக் காலை ஆறு மணிவாக்கில் விடியும், மாலை ஆறு மணிவாக்கில் இருட்டும். பெரிய மாற்றம் கிடையாது. லட்சம் லட்சமாகக் கொடுத்து வந்தவர் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். இரண்டு மணி நேர வெயில் அவருக்குத் தெரியாமலேயே வீண். கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினால் ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்குச் சூரியன் மறையும். கடற்கரை மாலை ஒரு மணி நேரம் நீண்டதாகக் கணக்கு. சீக்கிரம் எழுந்தாலும் அதே பலன்தான். ஆனால் “சீக்கிரம் எழுந்திரு” என்று சொல்ல அங்கே உங்கள் அம்மா இல்லையே!

கேள்வி: என் செல்போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். பிறகு எனக்கென்ன கவலை?
- ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: கவலையே அங்கேதான். போன் கேட்பது செல்போன் கோபுரத்தை. ரிசார்ட் வரவேற்பறையை அல்ல. அது மாலே நேரத்தைத்தான் காட்டும். “படகு 9 மணிக்கு” என்று ரிசார்ட்டில் எழுதிக் கொடுத்தால் அது தீவு நேரம். நீங்கள் போனில் 9 பார்த்து, பெட்டியை உருட்டிக்கொண்டு படகுத்துறைக்கு வரும்போது தீவில் மணி 10. படகு போயே போச்சு. விமான டிக்கெட்டில் இருப்பதோ எப்போதும் மாலே நேரம். நண்பகல் 12 மணி விமானம் என்றால் ரிசார்ட் கடிகாரத்தில் அது 1 மணி. ரோமிங்கை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் காலம் தள்ளுபவரின் போன் இந்திய நேரத்திலேயே நின்றுவிடவும் கூடும். தங்கியிருக்கும் நாட்களுக்குத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, ரிசார்ட்டின் நேரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் மட்டும் மாலே நேரத்தைத் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம்தான் வாகனம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். அந்த விஷயத்தில் எந்தக் கடிகாரத்தைத் தள்ளி வைத்தும் பயனில்லை.

கேள்வி: திங்கட்கிழமை ஏழரை - ஒன்பது ராகு காலம். தீவு நேரப்படி பார்ப்பதா, ஊர் நேரப்படி பார்ப்பதா?
- ஜோதிட நம்பிக்கையாளர், கும்பகோணம்

பதில்: இரண்டும் வேண்டாம், சூரியனைப் பாருங்கள். பகல் பொழுதை எட்டாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கைத்தான் ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தினசரி காலண்டர் போடும் ஏழரை - ஒன்பது, ஆறு மணிக்கு விடிகிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. மாலே நேரத்துக்கு அது கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ஏழு மணிக்கு விடியும் தீவு நேரத்தில் எட்டரை - பத்து. பஃபே நடக்கும் நேரம் அதுதான். நல்ல நேரம் பார்த்துச் சாப்பிடுவதா, சூடாகச் சாப்பிடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் காலை ஏழு மணியாகியும் இருட்டாக இருக்கிறதே, ஏன்?
- மகள் வீட்டுக்குப் போயிருக்கும் பாட்டி, காரைக்குடி

பதில்: ரிசார்ட்காரர்கள் செய்வதை சிங்கப்பூர் நாடு முழுக்கவே செய்துவிட்டது, பாட்டி. பூகோளப்படி அந்தத் தீவு லண்டனைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருந்தால் போதும். முன்பு ஏழரை வைத்திருந்தார்கள். மலேசியாவின் தீபகற்பத்தில் ஒரு நேரம், கடல் தாண்டிய சபா, சரவாக்கில் அரை மணி கூடுதலாக இன்னொரு நேரம் என்றிருந்ததை ஒன்றாக்க, மலேசியா எட்டு மணிக்குத் தாவியது. பக்கத்து வீட்டுக்காரரோடு தினமும் கொடுக்கல் வாங்கல் உள்ள சிங்கப்பூரும் கூடவே தாவியது. 1982 ஜனவரி 1 முதல் அப்படித்தான். புத்தாண்டு அன்றைக்கு அரை மணி நேரம் சீக்கிரமாகவே பிறந்துவிட்டது. வாசல் தெளிக்க வெளிச்சம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அது அடுக்குமாடி, வாசலே கிடையாது.

கேள்வி: ஒரே தீவுக்குள் இரண்டு நேரம் இருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் வாசகர்களுக்குத் தெரியுமா?
- பழைய தபால் ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஐயா. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகள் வசமிருந்த பகுதிகளில் மட்டும் பழைய நேரமே தொடர்ந்தது. போர்நிறுத்தக் காலத்தில் ஏ9 வீதியில் ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனவர்கள் கடிகார முள்ளை அரை மணி பின்னால் திருப்பினார்கள். இப்போது கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை மூன்றிலும் ஒரே மணி. அங்கே சுற்றுலா போகிறவர்கள் கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

கேள்வி: கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர முடியுமா?
- விஞ்ஞானக் கதை ரசிகன், ஈரோடு

பதில்: முடியும், டிக்கெட்டும் அதிகமில்லை. பாலித் தீவின் மேற்கு முனை கிலிமானுக். எதிரே ஜாவாவின் கேத்தாபாங். நடுவில் குறுகலான நீரிணை. பாலியில் ஒரு மணி கூடுதல். காலை 10 மணிக்குக் கிலிமானுக்கில் படகேறி முக்கால் மணி நேரத்தில் அக்கரை சேர்ந்தால், அங்கே மணி 9:45. எதிர்த்திசையில் வந்தால் இந்த லாபத்தை வட்டியில்லாமல் திருப்பிக் கட்டிவிட வேண்டும். பாலிக்குப் போகும்முன் இன்னொன்றும் பாருங்கள்: அவர்களுடைய நியேபி என்னும் மௌனத் திருநாளில் காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை விமான நிலையமே மூடியிருக்கும். சுற்றுலாப் பயணியும் தெருவில் இறங்க முடியாது.

கேள்வி: சென்னையில் 00:40க்குக் கிளம்பி 07:20க்கு சிங்கப்பூர் என்று போட்டிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டுமா? முழங்கால் வலி.
- முதல் தடவை பறப்பவர், விருதுநகர்

பதில்: நாலு மணி பத்து நிமிடம்தான். புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, சேரும் நேரம் சிங்கப்பூர் கணக்கு. இடையில் இரண்டரை மணி வித்தியாசம். திரும்பும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பி 9:40க்கே சென்னை வந்துவிடுவீர்கள். விமானி விரட்டினார் என்று நினைக்க வேண்டாம். முழங்காலைவிடத் தேதியைக் கவனியுங்கள். 15ஆம் தேதி 00:40 என்றால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு மாலையும் கையுமாக வழியனுப்பக் குடும்பமே வந்து நின்ற கதைகள் நிறைய உண்டு. விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருக்கும்.

கேள்வி: என் பிறந்தநாள் டிசம்பர் 30. எந்தத் தீவில் கொண்டாடலாம்?
- நண்பர்களுக்கு ட்ரீட் தரப் பயப்படுபவர், திருப்பூர்

பதில்: 2011இல் கேட்டிருந்தால் சமோவா என்றிருப்பேன். அந்த ஆண்டு அங்கே டிசம்பர் 29 வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் 31 சனிக்கிழமை. 30 என்றொரு தேதியே வரவில்லை, ட்ரீட் மிச்சம். ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும்தான் அவர்களுக்கு வியாபாரம். அதுவரை சமோவாவில் வெள்ளி என்றால் அங்கே சனி, சமோவாவில் ஞாயிறு என்றால் அங்கே திங்கள். சேர்ந்து வேலை பார்க்கக் கிடைத்தவை வாரத்தில் நாலே நாள். அதனால் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவிவிட்டார்கள். வராத வெள்ளிக்கிழமைக்கும் சம்பளம் உண்டு என்று அரசு சொன்னது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பக்கத்திலிருக்கும் அமெரிக்கன் சமோவா தாவவில்லை. குட்டி விமானத்தில் அரை மணிப் பயணம்தான், ஆனால் போய் இறங்கினால் அங்கே நேற்று. உங்கள் நண்பர்களுக்கு இது தெரிந்தால் இரண்டு ட்ரீட் கேட்பார்கள்.

கேள்வி: அந்தமானில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஆறு மணிக்குப் போனேன். இருட்டில் நண்டுதான் இருந்தது.
- ஏமாந்தவர், சேலம்

பதில்: டிசம்பரில் போயிருப்பீர்கள். அங்கே ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் ஆபீஸைப் பூட்டிவிடும். கடிகாரம் நம்முடையதுதான், வானம் வங்காள விரிகுடாவின் கிழக்குக் கோடி. மாறாக லட்சத்தீவுக்குப் போனால் பொழுது இழுத்துக்கொண்டே போகும். போர்ட் பிளேருக்கும் கவரத்திக்கும் நடுவில் சூரியக் கணக்கில் ஏறக்குறைய 80 நிமிடம், கடிகாரக் கணக்கில் பூஜ்யம். அரசாங்கம் ஒன்று என்பதால் மணியும் ஒன்று.

கேள்வி: இவ்வளவு குழப்பம் வேண்டாம். கடிகாரத்தையே மாற்றாமல் பவளத்தீவு பார்க்க வழி சொல்லுங்கள்.
- சோம்பேறி என்று வீட்டில் அழைக்கப்படுபவர், மதுரை

பதில்: இப்போதுதான் சொன்னேனே, லட்சத்தீவு. வேடிக்கை என்னவென்றால், கவரத்தி மாலேக்கும் சற்று மேற்கே இருக்கிறது, ஆனாலும் அதன் கடிகாரம் மாலேயைவிட அரை மணி முன்னால். தெற்குக் கோடியில் உள்ள மினிக்காய் மக்கள் பேசுவதும் மாலத்தீவு மொழியின் உறவுமொழிதான். கடல், பவளப்பாறை, சூரை மீன் எல்லாம் அதே. கடிகாரத்தைத் தொட வேண்டாம். ஆனால் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லாமல் உங்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதற்கு இன்றே விண்ணப்பியுங்கள், அந்த விஷயத்திலாவது சோம்பேறியாக இருக்காதீர்கள்.