உப்புக்காக உள்ளே போனவர்

பெண் பார்க்கப் போனாலும் சரி, வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் சரி, காபி வருவதற்குள் பெரியப்பா எங்கள் கொள்ளுத் தாத்தாவை இழுத்து வந்துவிடுவார். "உப்புக்காக ஜெயிலுக்குப் போன குடும்பம் சார் எங்களுது." சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். அதற்குமேல் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்பவர்களே அந்த வரிசையில் கொள்ளுத் தாத்தாவையும் நிறுத்திக்கொள்வார்கள்.

வம்சாவளி எழுதுகிறேன் பேர்வழி என்று நான் நிலப் பத்திரங்கள் கிடந்த தகரப் பெட்டியைக் கிளறினேன். ஒரு தீர்ப்பு நகல் கிடைத்தது. உப்பு வழக்குதான். சிறைதான். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சரி. வருஷம்தான் 1923.

அந்த வருஷம் காந்தியே எரவாடா சிறையில் இருந்தார். தண்டி யாத்திரைக்கு இன்னும் ஏழு வருஷம் பாக்கி.

ராத்திரியில் உப்பளத்து அம்பாரத்திலிருந்து கொள்ளுத் தாத்தா இரண்டு மூட்டை கட்டியிருக்கிறார். உப்பு இலாகா சேவகன் துரத்த, ஓடிய வேகத்தில் ஒரு மூட்டை வாய்க்காலில் விழுந்து, சாட்சியம் கரைந்துவிட்டது. மிஞ்சிய மூட்டைக்குப் பதினான்கு நாள்.

அவர் பக்கமும் பேசலாம். அந்த வருஷம்தான் வெள்ளைக்காரன் உப்பு வரியை இரட்டிப்பாக்கினான்; மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்தது இரண்டரை ரூபாயானது. மறுவருஷமே பழையபடி குறைத்தான் என்றால் எவ்வளவு வயிற்றெரிச்சல் கிளம்பியிருக்கும்! ஆனாலும் வீட்டு ஊறுகாய்க்கு இரண்டு மூட்டை உப்பு யாருக்கும் தேவைப்படாது. காந்தி வைஸ்ராய்க்குக் கடிதம் போட்டுவிட்டுக் கிளம்பினார். எங்களவர் கொள்ளுப் பாட்டியிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருக்கிறார்.

இன்னொரு புராணமும் அன்றைக்கே விளங்கிற்று. 1972இல் மத்திய அரசு தியாகிகளுக்குப் பென்ஷன் கொண்டுவந்தபோது, ஊரே சொல்லியும் கொள்ளுத் தாத்தா மனுப் போடவில்லையாம். "நாட்டுக்குச் செஞ்சதுக்குக் கூலியா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது பெரியப்பாவுக்குக் கண் கலங்கும். அந்தப் பென்ஷனுக்குப் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் வேண்டும், அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். இவர் கையில் இருந்தது பதினான்கு நாளும் ஒரு மூட்டையும்.

நகலைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை.

"பெட்டியத் தொறந்துட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா பெரியப்பா?"

"நான் என்னைக்காவது சத்தியாகிரகம்னு சொல்லியிருக்கனா? உப்புன்னேன், ஜெயிலுன்னேன். ரெண்டுல எதுடா பொய்?"

யோசித்துப் பார்த்தேன். மனிதர் இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட வாய் தவறியதில்லை. வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர்.

போன தையில் தங்கைக்கு வரன் பேசக் காரைக்காலிலிருந்து வந்திருந்தார்கள். பெரியப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். இப்போது வருஷம் வெளியே தெரிந்துவிட்டதால் சரக்கை மெருகேற்றியிருந்தார்: "ராஜாஜிக்கு ஏழு வருஷம் முன்னாடியே எங்க தாத்தா உப்புச் சட்டத்த மீறிட்டாருங்க!" நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா அசரவில்லை. "எங்க தாத்தாவும் உள்ள போனவருதாங்க. பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்க ஊரு எல்லையத் தாண்டி உங்க பக்கம் வர்றப்ப, சுங்கச் சாவடியில புடிச்சிட்டான்" என்றார்.

"தேசத்துக்காகவா?" என்றார் பெரியப்பா.

"பாட்டிலுங்க உங்க தேசத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு."

தட்டை மாற்றிக்கொண்டோம்.