கழுதைத்தலை என்ன விலை?

கேள்வி: பைபிளில் மனிதர் தின்ற மிக மோசமான உணவு எது?

பதில்: கழுதைத்தலை. சீரியர் படை சமாரியாவை முற்றுகையிட்டபோது ஒரு தலை 80 வெள்ளிக்காசு என்கிறது இரண்டாம் இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம். இஸ்ரவேலருக்கு விலக்கப்பட்ட மிருகம். தலையில் எலும்பும் தோலும் போக மிஞ்சுவதும் சொற்பம். அதற்கே இந்த விலை என்றால் ஊருக்குள் வேறு என்ன இருந்திருக்கும்! சற்றுத் தள்ளி, பெற்ற பிள்ளையைச் சமைத்த தாய் ராஜாவிடம் முறையிடுகிறாள். அந்த இடத்தை என்னால் நிறுத்தாமல் வாசிக்க முடிந்ததே இல்லை.

கேள்வி: அங்கே புறா எச்சமும் விற்றார்களாமே? நம் வேதாகமத்தில் பயறு என்றல்லவா இருக்கிறது?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். எபிரெயச் சொல்லுக்கு நேர்ப்பொருள் எச்சம்தான். ஏதோ ஒரு செடியின் பட்டப்பெயர் என்போரும் உண்டு. கழுதைத்தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எச்சம் என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் ‘எசேக்கியேல் 4:9’ என்று சத்து ரொட்டி விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் 9-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 12-ஐயும் வாசியுங்கள். கோதுமை, வாற்கோதுமை, பயறு, தினை எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தது சத்துக்காக அல்ல. முற்றுகைக்குள் எந்தத் தானியமும் போதுமான அளவு அகப்படாது. பானை பானையாக வழித்தால்தான் ஓர் அப்பம் தேறும். எருசலேமுக்கு வரப்போவதைத் தீர்க்கதரிசி நடித்துக்காட்ட வேண்டும்: நாளொன்றுக்கு 20 சேக்கல் அப்பம், ஏறக்குறைய 230 கிராம், தண்ணீர் அரை லிட்டருக்குச் சற்று மேல், இப்படி 390 நாள். அடுப்புக்கு எரிபொருள் மனித மலம். தீட்டானதை வாயில் வைத்ததே இல்லை என்று எசேக்கியேல் கதறிய பிறகே மாட்டுச்சாண வறட்டிக்கு அனுமதி கிடைத்தது. வறட்டி அடுப்பில் சோறு பொங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அவருடைய நிம்மதி சட்டென்று புரியும்.

கேள்வி: எலிசாவின் பானையில் இருந்த விஷம் எது?

பதில்: பேய்க்கொம்மட்டி. கில்காலில் பஞ்சம். கீரை பறிக்கப் போனவன் காட்டுக்கொடியில் கண்ட காய்களை மடி நிறையக் கொண்டுவந்து அரிந்து போட்டுவிட்டான். அரிந்த விரலை நாக்கில் வைத்தாலே கசக்கும். உள்ளே போனால் பேதி. சாப்பிட்டவர்கள் அலறினார்கள். எலிசா மாவை வாங்கிப் பானையில் போட்டார். பிறகு அதையே எல்லாருக்கும் பரிமாறினார்கள். பஞ்சத்தில் ஒரு பானைக் கூழைக் கவிழ்த்துக்கொட்ட யாருக்கு மனம் வரும்?

கேள்வி: சிலுவையில் இயேசுவுக்குக் காடி கொடுத்தது கொடுமைதானே?

பதில்: பரிகாசம் என்கிறார் லூக்கா. யோவானில் காட்சி வேறு. புளித்த திராட்சரசத்தில் தண்ணீர் கலந்து குடிப்பது ரோமச் சிப்பாய்களின் அன்றாட வழக்கம். முதலில் நீட்டிய வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை இயேசு மறுத்துவிட்டார் என்கிறார் மாற்கு. பிறகு, யோவான் சொல்கிறபடி, தாகம் என்றபோது, அங்கிருந்த காடியைக் கடற்காளானில் தோய்த்து வாயருகே நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டார்.