சும்மா ஒரு கலர் சட்டை

நம் ஊரில் ஐம்பது வயது ஆண் கலர் உடுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டால் கறுப்பு, பழனிக்கு நடந்தால் பச்சை, மேல்மருவத்தூர் என்றால் சிவப்பு. கட்சிக்காரராக இருந்தால் வேட்டிக் கரையில் மட்டும். கருணாநிதியின் மஞ்சள் துண்டுக்கே எத்தனை பேர் காரணம் தேடினார்கள்! பிடித்திருக்கிறது என்று சும்மா போட்டுக்கொண்டு போனால், “என்ன சார், வீட்ல விசேஷமா?” என்கிறார்கள்.

1989-இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது நான் மதுரையில் கல்லூரி மாணவன். ராமராஜன் சட்டை மாதிரியே கிளிப்பச்சையில் துணி எடுத்துத் தைத்துக்கொண்டேன். அப்பாவிடம் இருந்ததெல்லாம் சொட்டு நீலம் போட்டு அலசிய வெள்ளைச் சட்டைகள்தான். “கூத்துக்கா கிளம்பிட்ட?” என்பார். இன்று என் மகனின் அலமாரியைத் திறந்தால் கறுப்பு, சாம்பல், திரும்பவும் கறுப்பு. எல்லாம் தொளதொள டி-ஷர்ட். “அப்பா, காலேஜுக்கு மட்டும் இதைப் போட்டுட்டு வந்துராதீங்க” என்று என் மாம்பழ மஞ்சள் சட்டையைப் பார்த்துக் கெஞ்சுகிறான். அன்று அப்பா கேட்டதை இன்று பிள்ளை கேட்கிறான். இரண்டு முறையும் கலர் சட்டைக்காரன் நான்தான்.

ஜவுளிக்கடையில் என் நரையைப் பார்த்ததும் விற்பனைப் பையன் சந்தனம், பிஸ்கட், ஆஷ், வெளிர்நீலம் என்று எடுத்துப் போடுகிறான். அரக்கு கேட்டால், “உங்க கலருக்கு லைட்டாப் போடுங்க சார், அதான் எடுப்பா இருக்கும்” என்கிறான். வயதுக்கு ஒரு தடை, தோலுக்கு ஒரு தடை. இரண்டையும் நான் ஏற்கவில்லை. கறுத்த உடம்பில் அரக்கும் மயில்கழுத்து நீலமும் கடுகு மஞ்சளும் நிற்கிற அழகு வேறு எந்த உடம்பிலும் நிற்காது. பிஸ்கட் கலர்தான் நம் முகத்தைச் சோர்வாகக் காட்டுகிறது.

வீட்டுக்குள் இதே ஆண் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஓடுகிற கட்டம் போட்ட கைலியோடு உலவுகிறான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கட்டத்துணியைத்தான் 1950-களின் இறுதியில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் போன்ற அமெரிக்கக் கடைகள் ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே சட்டையாகவும் கோட்டாகவும் விற்றன. துவைக்கும்போது சாயம் இறங்கும். அதையே துணியின் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். அங்கே வசதியான வீட்டு ஆண்கள் கோடைக்கு அதை ஆசையாகப் போட்டுக்கொண்டார்கள். நெய்த ஊரிலோ அது இடுப்புக்கு மேலே ஏறவே இல்லை. போன தீபாவளிக்கு நான் அந்தக் கட்டத்தில் அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டேன். டெய்லர் அளவெடுத்துக்கொண்டே, “பையனுக்கா சார்?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

இந்த வயதில் கலர் எடுக்கத் துணிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்து எடுங்கள். உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில் நல்ல அரக்குகூடக் கறுப்பாகத்தான் தெரியும்.