பன்னிரண்டரை லட்சத்துக்கு ஒரு கடற்கரை

ராசிபுரத்துக்காரனுக்கு ஊர் சுற்றுவது என்றால் மலைதான். தலையை நிமிர்த்தினால் போதமலை. பஸ் ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவோடு கொல்லிமலை. விருந்தாளி வந்தால் அங்கேதான் கூட்டிப் போவோம். நாற்பதாவது வளைவில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். ஊர் திரும்பியதும் ஆகாய கங்கை அருவி பிரமாதம் என்பார். கடலுக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணை, அதுவும் நிரம்புகிற வருஷம் மட்டும்.

நான் சேகோ மில்லில் கணக்கு எழுதுகிறவன். குச்சிக்கிழங்கு வரத்து ஓய்ந்தால் மில்லும் ஓயும், நானும் ஓய்வேன். அப்படி ஒரு சமயம் பார்த்து, "ஏங்க, எங்கயாச்சும் கடல் பக்கம் போலாங்க" என்றாள் என் வீட்டுக்காரி. பெங்களூரில் இருக்கும் மகனிடம் யோசனை கேட்டோம். போனிலேயே மாலத்தீவு என்றான்.

"மாலத்தீவுக்கு டவுன் பஸ் போகுதா கண்ணு?" என்று கேட்டாள்.

கிண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 மே மாதம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் உத்தரவு போட்ட நாளிலிருந்து அவளுக்கு உலகத்தில் இரண்டு வகை ஊர்கள்தான்: டவுன் பஸ் போகும் ஊர், போகாத ஊர். டவுன் பஸ்ஸாக மாறி மாறி ஏறிக் கடல் வரைக்கும் போய்விட முடியுமா என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கூடப் பார்த்தாள். தொட்டியம் தாண்டித் திட்டம் இடித்தது. கடைசியில் இரண்டு முனையிலும் டவுன் பஸ், நடுவில் காசு கொடுக்கும் பஸ் என்று சமரசம் ஆனோம். ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. தரங்கம்பாடி என்றேன். கோவா அளவுக்குக் கூட்டம் இல்லை, கோவா அளவுக்குச் செலவும் இல்லை, ஆனால் கோவாவைப் போலவே வெள்ளைக்காரன் கட்டின கோட்டை உண்டு. கடைசிக் காரணத்தை அவள் காதில் வாங்கவில்லை. நடுக் காரணத்துக்கே சம்மதித்துவிட்டாள்.

நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் காசுக்குக் கை நீட்டினார். இந்தக் குடும்பத்தில் செலவு யாரால் வருகிறது என்று ஊரறிய நிரூபணம் ஆனதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை. வழிக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும். நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் முட்டை இல்லாமல் எல்லையைத் தாண்டுவதில்லை. உரித்த வாசத்துக்கு முன்சீட்டுப் பெரியவர் திரும்பி முறைத்தார். அவர் கையில் ஒன்றை வைத்தாள். மறுபடி திரும்பினார், மிளகுத்தூள் இருக்கிறதா என்று கேட்க.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே ஓடிக்கொண்டிருந்தது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னேன். "போகட்டும் விடுங்க. ரயில்ல எங்களுக்கு எங்க இலவசம்?" என்றாள்.

கடலை ஒட்டிய பழைய மாளிகை ஓட்டல்கள் எங்கள் பட்ஜெட்டுக்கு அந்தப் பக்கம். சற்றுத் தள்ளி ஒரு லாட்ஜுக்குப் போனோம்.

"கடல் தெரியுற ரூமா, தெரியாத ரூமா?" என்று கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

"தெரியாததுக்கு எவ்வளவுங்க? ரூமுக்குள்ள உக்காந்து பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

பதிவேட்டில் ஊர்ப்பெயரை எழுதினேன். அவருக்கு ராசிபுரம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பெயரில் இருக்கிற 'ஆர்' எங்கள் ஊர்தான், அவர் தம்பி கார்ட்டூனிஸ்ட் லக்ஷ்மண் பெயரிலும் அதேதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வீட்டுக்காரி குறுக்கே புகுந்து, "நெய்க்குப் பேர் போன ஊருங்க" என்றாள். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பையிலிருந்து ஒரு நெய் பாட்டில் வெளியே வந்தது. அது எதற்காக வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடல் தெரியாத ரூமின் வாடகைக்கே கடல் தெரிகிற ரூம் கிடைத்தது. இலக்கியம் சாதிக்காததை நெய் சாதித்தது.

சாயங்காலம் ஊருக்குள் போனோம். 1792-ல் கட்டிய நுழைவாயில், அதைத் தாண்டி நேராக ஒரு வீதி, இரண்டு பக்கமும் தேவாலயங்களும் பழைய பங்களாக்களும், கோடியில் கடல். முதல்முறை கடலைப் பார்க்கிறவர்கள் வாயடைத்து நிற்பார்கள் என்று படித்திருக்கிறேன். இவளும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்:

"நம்ம குழாய்ல வராத தண்ணியெல்லாம் இங்க வந்துதான் கெடக்குதா?"

சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் காவிரியிலிருந்துதான் வருகிறது, வருகிற அன்றைக்கு. அந்தக் காவிரி கடலில் கலக்கிற பூம்புகார் இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

தண்ணீரில் இறங்கினோம். அலை திரும்பும்போது குதிகாலுக்கடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகிறது. அசையாமல் நின்றாலும் ஆள் குழியில் இறங்கிக்கொண்டே இருக்கிறான். சட்டென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். கல்யாணமான புதிதில்கூட ராசிபுரம் கடைவீதியில் நாங்கள் கைகோத்து நடந்தது கிடையாது. நெகிழ்ந்துபோய், "பயமா இருக்குதா?" என்றேன்.

"பர்ஸ் உங்க சட்டைப் பையிலதான இருக்குது? அலை இழுத்தா அதுவும் சேந்து போயிருமல்ல."

கரையோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எடுத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பரில் இதே கடல் ஊருக்குள் புகுந்து செய்ததை நினைத்தால் பேச்சு வராது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கோயில்காரங்க இடம் விட்டுத்தான் கட்டியிருப்பாங்க. கடல்தான் எல்லைக்கல்லைத் தாண்டி வந்திருக்குது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் டேனிஷ் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க் தளபதி ஓவே ஜெட்டே கட்ட ஆரம்பித்தது. உள்ளே அருங்காட்சியகம்: நாணயங்கள், பீங்கான், பழைய வரைபடங்கள். 1978-ல் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் இந்தக் கோட்டை அரசாங்கப் பயணியர் விடுதியாகவே இருந்தது என்று, தெரியாத்தனமாக இல்லை, ஒரு சுவாரசியத்துக்காகத்தான் சொன்னேன். பீரங்கியின் மேல் கை வைத்தபடி நின்றவள், "அப்பவே வந்திருந்தா இங்கயே ரூம் போட்டிருக்கலாம். நெய் பாட்டிலும் மிச்சம்" என்றாள்.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினதையும், தமிழ் கற்று, அச்சகம் வைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் மனசைப் பிடித்த ஆள் வேறு. 1640-களில் தொடங்கி 1669 வரை டென்மார்க்கிலிருந்து இந்தக் கோட்டைக்கு ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே சண்டை, கோட்டையை நடத்திய வியாபாரக் கம்பெனி திவால். இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோக, 1655-ல் எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்ற ஒரு சாதாரண ஆள் பொறுப்பை எடுத்துக்கொண்டார். யாரும் திரும்பிப் பார்க்காத கோட்டையை வருஷக்கணக்காகக் கட்டிக் காத்தார். ஒருவழியாகக் கப்பல் வந்தபோது அவரையே கவர்னராக உறுதி செய்தார்கள்.

"சம்பள பாக்கி?"

தெரியாது என்றேன்.

"உங்க மில் போனஸ் மாதிரிதான்" என்றாள். நாலாயிரம் மைலுக்கும் அப்பால் பிறந்த மனிதருக்காக அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். எனக்காக அந்த அளவு வருத்தப்பட்டதாக நினைவில்லை.

மதியம் வஞ்சிர மீன் வறுவலோடு சாப்பாடு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பேசாமல் சாப்பிட்டோம்.

கிளம்புவதற்கு முன் கோட்டை மதிலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் 1845-ஐ எடுத்தேன். டேனிஷ்காரர்கள் இந்த ஊரை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

"கோட்டையோட சேத்தா?"

"கோட்டை, வீதி, பங்களா எல்லாம் சேத்து. வங்காளத்துல செராம்பூர்னு இன்னொரு ஊரும் அதுல அடக்கம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ராசிபுரம் பைபாஸ் பக்கம் மனை பார்க்கப் போய், புரோக்கர் சொன்ன விலையைக் கேட்டு நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்த கதை அவள் முகத்தில் ஓடியது. பன்னிரண்டரை லட்சத்துக்கு இன்றைக்கு அங்கே வண்டி நிறுத்த இடம் தருவார்கள், வண்டி சின்னதாக இருந்தால். அந்தக் காலத்துப் பணத்துக்கு மதிப்பு வேறு, இன்றைய விலையோடு ஒப்பிடக் கூடாது என்று என் கணக்குப்பிள்ளை புத்தியைக் காட்டினேன். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

மயிலாடுதுறை பஸ் வந்தது. கண்டக்டர் நீட்டிய இலவசச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னலோர சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தப் பன்னண்டரை லட்சத்துக்குப் பத்திரச் செலவு யாரு போட்டாங்க? வாங்கினவங்களா, வித்தவங்களா?"