மயிலுக்குப் பழகாத சத்தம்

அம்மிணி, அப்புச்சி பேசறேன். இந்த வாட்ஸப்புல மைக்கை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா வெரலு மரத்துப் போகுது, அதனால வெரசாச் சொல்லிப்போடறேன். என்ற வெரசு எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியும்.

ராத்திரி உங்கம்மா போன்ல சொன்னா. அறிவியல் கண்காட்சியாம். எட்டாங்கிளாசுப் புள்ளைங்க ஆளுக்கொண்ணு சொந்தமாக் கண்டுபுடிச்சுக் கொண்டாரோணுமாம். திங்கக்கெழமை தலைப்பு, அடுத்த மாசம் சாமான். நீ சோறு திங்காம மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கறயாம். இதுக்குப் போயி அழுவாங்களா? பரிசு வாங்கற வழியெல்லாம் அப்புச்சிக்கு அத்துபடி. மொத வழி, எதையும் கண்டுபுடிச்சுராத.

கடைவீதில எரிமலை ரெடிமேடா விக்குது. தெர்மாகோல்ல மலை, உள்ளுக்குள்ள ஆப்பசோடா, மேல கொஞ்சம் வினிகரு. பொசுபொசுன்னு பொங்கும், பாக்கறவங்க கைதட்டுவாங்க. போன வருசமும் அதே எரிமலைக்குத்தான் தட்டுனாங்க. உன்ற அமுச்சி இட்லி மாவுல சோடாவ எச்சாப் போட்டுப்போட்டு வாரத்துல ரெண்டு நாளு அடுப்பு மேல அதையேதான் பண்றா, அவளுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு குடுக்க ஆளில்ல. எரிமலை புடிக்கலீன்னா ஊசி போடற சிரிஞ்சில தண்ணி ரொப்பிக் கையத் தூக்கற ஜேசிபி இருக்குது. இருட்டுனாத் தானா எரியற தெருவெளக்கும் இருக்குது. நம்மூர்ல பட்டப்பகல்லயே தானா எரியுது, அதைக் கண்டுபுடிச்ச புண்ணியவான் யாருன்னுதான் தெரியல.

ரெண்டாவது வழி, மாப்பிள்ளை. உங்கப்பா இஞ்சினீயரு. அவரு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கட்டும், நீ பக்கத்துல நின்னு பசையும் ஸ்கேலும் எடுத்துக் குடுத்தாப் போதும். அங்க போட்டியே அப்பனுங்களுக்குள்ளதான். என்ன ஒண்ணு, நடுவரு வந்து இது எப்புடி வேலை செய்யுதுன்னு கேட்டாருன்னா நீ திரும்பி அப்பாவப் பாக்கப்படாது.

மூணாவதா ஒண்ணு இருக்குது, ரெண்டு சாமானை எடுத்து ஒண்ணா ஒட்டறது. கொடையில பேனு, செருப்புல டார்ச்சு. ஆனா அதுல ஒரு முள்ளு கெடக்குது. 1970ஆம் வருசத்துக் காப்புரிமைச் சட்டத்துல மூணாவது பிரிவுன்னு ஒண்ணு உண்டு. தெரிஞ்ச சாமானை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அததும் அதும்பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டிருந்தா அதுக்குக் கண்டுபுடிப்புன்னு பேரில்லைன்னு எழுதி வெச்சிருக்கறாங்க. கொடை கொடையாவே இருக்குது, பேனு பேனாவே இருக்குது. சட்டம் எழுதுனவனும் கண்காட்சி பாத்து நொந்தவனா இருப்பான்போல.

அப்ப நெசமாவே கண்டுபுடிச்சா என்னங்கப்புச்சின்னு கேப்ப. வேணாஞ்சாமி. அந்த வழில போனவங்க பட்ட பாட்டைச் சொல்றேன், கேட்டுக்கோ.

நம்ம சூலூருப் பக்கம் கலங்கல்ல 1893ல பொறந்தவரு ஜி.டி. நாயுடு. படிப்பு மூணாங்கிளாசு, உன்னையவிட அஞ்சு கிளாசு கொறைச்சல். ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார்சைக்கிள்ல வந்து எறங்குனதப் பாத்துப்போட்டாரு. நம்மளா இருந்தா வாயப் பொளந்து பாத்துட்டுக் காட்டுக்குப் போயிருப்போம். இவரு கோயமுத்தூரு போயி ஓட்டல்ல சப்ளையராச் சேந்து, காசுக்குக் காசு முடிஞ்சு, 300 ரூவாய்க்கு அந்த மாதிரி வண்டிய வாங்குனாரு. வாங்கி ஓட்டுனாரான்னா, மொதல்ல அக்கக்காக் கழட்டிப் போட்டாரு. கழட்டி, பூட்டி, மறுக்காக் கழட்டி. பொறகுதான் 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு ஓட்டுனதும், பேட்டரில ஓடற சவரக் கத்தி பண்ணுனதும், 1937ல இன்னொருத்தரோட சேந்து இந்த நாட்டுலயே மொதல்மொதலா மின்சார மோட்டாரு பண்ணுனதும். இப்ப உங்கப்பா வண்டிய நீ ஒரு ஞாயித்துக்கெழமை முத்தத்துல கழட்டிப் பரப்பி வெச்சேன்னா என்ன ஆகும்? ரோசன பண்ணிப் பாரு. அதனாலதான் வேணாங்கறேன்.

இன்னொருத்தரு, அதே கோயமுத்தூரு முருகானந்தம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்குது, ஆனா நீயும் பெரிய புள்ளையாகற. பொம்பளைங்க மாசாமாசம் வெக்கற நாப்கினு, அது கடையில வெல எச்சா விக்குதுன்னு அவரு சம்சாரம் பழந்துணிய வெச்சிருக்காங்க. அதைக் கொறஞ்ச காசுல பண்றதுக்கு மெசினு கண்டுபுடிக்கப் போனாரு. போட்டுப் பாத்துச் சொல்ல ஆளில்லாம, புட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ரொப்பித் தன்ற இடுப்புலயே கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஊரு பேசாத பேச்சில்ல. 2016ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, சரி. அதுக்கு முன்னால எத்தனை வருசம் பைத்தியக்காரப் பட்டம்!

உன்ற வயசுலயும் ஒருத்தி மாட்டியிருக்கறா. திருவண்ணாமலைப் புள்ள, வினிஷா உமாசங்கர். இஸ்திரி வண்டிக்காரரு அடுப்புக் கரிய எரிச்சுப்போட்டு ரோட்டோரத்துல கொட்டறதப் பாத்திருக்கறா. நாமளுந்தான் காலமெல்லாம் பாக்கறோம். என்ன பண்ணுனோம்? செருப்பு சுட்டுருமுன்னு தள்ளி நடந்தோம். அவ நின்னு பாத்துப்போட்டு, வண்டி மேல சோலார் பலகையும் கீழ பேட்டரியும் வெச்சு ஒரு இஸ்திரி வண்டிய வரைஞ்சா. 2020ல சுவீடன்காரங்க பரிசு குடுத்தாங்க, அடுத்த வருசமே கிளாஸ்கோவுல ஒலகத் தலைவருங்களுக்கு முன்னால நிக்க வெச்சுப் பேச வெச்சாங்க. அங்க குளுருமே. உனக்குச் சளி புடிச்ச ஒடம்பு.

அதனால எரிமலையே நல்லது. அப்புச்சி சொல்லிப்போட்டேன்.

என்ன, சிரிக்கிறயா? சிரி. சித்த என்ற பழமையும் கேளு.

நம்ம காட்டுல கல்லக்கா போட்டிருக்கறேன்ல, மயிலு வருது. ஒண்ணு ரெண்டில்ல, மந்தையா வருது, மொளைச்சதும் மொளைக்காததுமாக் கெளறிப் போட்டுத் திங்குது. 1963ல அதைத் தேசியப் பறவையாக்கிப்போட்டாங்க, 1972ஆம் வருசச் சட்டப்படி மேல கை வெக்கப்படாது. கல்லெடுத்தா முருகன் வேற கோவிச்சுக்குவாரு. அப்புறம் என்னதான் பண்றது? நானும் ஒண்ணு கண்டுபுடிச்சேன். பழைய எண்ணெய் டின்னு, மேல பிளாஸ்டிக்குப் பாட்டலை அறுத்துப் பண்ணுன காத்தாடி. காத்தடிச்சாச் சுத்தும், சுத்தறப்ப ஒரு போல்ட்டு டின்னு மேல டணக்கு டணக்குன்னு அடிக்கும். மொத மூணு நாளு ஒரு மயிலு எட்டிப் பாக்கல. நாயுடு மாதிரி மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். நாலாம் நாளு தூரத்துல நின்னு பாத்துச்சு. ஆறாம் நாளு டின்னு மேலயே ஏறி ஒக்காந்து தோகையக் கோதுது. ஒரே தாளத்துல அடிச்சா அதுக்கும் கணக்குப் புரிஞ்சுருது போல, இது வெறும் சத்தந்தான்னு.

பொறகு வேலியச் சுத்திச் சேலையக் கட்டுனேன். அதுலயும் ஒரு கோளாறு. அட்டாலில மூட்டையா இருந்தத எடுத்துக் கட்டுனதுல உன்ற அமுச்சியோட கூறைச்சேலையும் போயிருச்சு. அந்தக் கதைய இப்ப வேணாம்.

எனக்கு ரவைக்கெல்லாம் ஒரே ரோசன. தாளம் இல்லாம, எப்ப அடிக்கும்னே தெரியாம ஒண்ணு அடிச்சா? சொட்டுத் தண்ணி ரொம்பிச் சாயற மூங்கிக் கொழா ரெண்டு வெச்சு, ஒண்ணு சீக்கிரம் ரொம்பற மாதிரி, ஒண்ணு மெதுவா ரொம்பற மாதிரி... எனக்குத் தெரியாதும்மிணி, எனக்கு அவ்வளவு படிப்பில்ல. காட்டுல பாதிக்கு அதை வெச்சு, பாதிய அப்புடியே உட்டுப்போட்டு, எந்தப் பக்கம் எத்தனை மயிலு எறங்குதுன்னு தெனமும் எழுதிவெக்க ஒரு ஆளிருந்தாத் தெரிஞ்சுபோகும். புது ஒரம் வந்தா நாங்க அப்புடித்தான் பாப்போம், பாத்தி உட்டுப் பாத்தி. ஒரு நாளைக்கு ஒண்ணத்தான் மாத்தோணும், ரெண்டை ஒண்ணா மாத்துனா எதுனால மயிலு போச்சுன்னு தெரியாது. நோட்டுல தோத்த கணக்கையும் எழுதோணும், அதை மட்டும் அழிக்கப்படாது. இன்ஸ்பயர் மானக்னு கவர்மெண்டுத் திட்டம் ஒண்ணு இருக்குதாம், நல்ல ரோசனைன்னு பட்டாப் புள்ளைங்க கணக்குல 10,000 ரூவா போடறாங்களாம். நான் அதுக்காகச் சொல்லல. என்ற கல்லக்காய்க்காகச் சொல்றேன்.

மயிலு வெடியக்காலம் அஞ்சரைக்கெல்லாம் எறங்கிரும். சனிக்கெழமை ராத்திரியே வந்து சாளையில படுத்துக்க. நோட்டு, பென்சில் எடுத்துக்க. மாப்பிள்ளையையும் கூட்டியா, பரவாயில்ல, ஏணி புடிக்க ஒரு ஆள் வேணும்.

அமுச்சிகிட்டச் சேலைப் பேச்சை மட்டும் எடுத்துராத, கண்ணு. அவ இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கறா.