இவ்வளவு தூரம் வந்துட்டு...

விடுதி வாசலில் பைகளை இறக்கி முடிப்பதற்குள் பெரியப்பா வாட்ச்மேனைப் பிடித்துவிடுவார். "இங்க பக்கத்துல பாக்குறதுக்கு என்னென்ன இருக்கு?" பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். சட்டைப் பையில் நான்காக மடித்த தாளில் ஊரிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். வாட்ச்மேன் எதையாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பார். வாட்ச்மேன் புதிதாக எதையாவது சொல்லிவிட்டால்தான் ஆபத்து.

தரங்கம்பாடியை ஒட்டிய கிராமம் அது. பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்கியிருக்கிறார்கள். தாழ்வாரம், பிரம்பு நாற்காலிகள், தென்னைக்கு அப்பால் கடல். குடும்பம் மொத்தமும் இரண்டு நாள் காலை நீட்டிப் படுக்கலாம் என்றுதான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது. பெரியப்பாவுக்கு அது அவமானம்.

"படுக்குறதுக்கு வீட்ல கட்டில் இல்லையா? இவ்வளவு தூரம் வந்துட்டு..."

இந்த வாக்கியத்தை அவர் முடித்துக் கேட்டவர்கள் கிடையாது. முடிப்பதற்குள் எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலில் தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டை. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்குக்காரர்கள் கட்டியது. நடுவே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில வருஷம் போக, 1845-இல் விற்றுவிட்டுக் கிளம்பும்வரை இரண்டே கால் நூற்றாண்டு அவர்கள் அங்கே சாவகாசமாக இருந்தார்கள். பெரியப்பா இருபது நிமிஷத்தில் முடித்தார். பீரங்கியோடு ஒரு குடும்பப் படம், "சரி, ஏறுங்க."

அதே வேகத்தில் 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718-இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். 1706-இல் கப்பலில் வந்து இறங்கி, தமிழ் படித்து, இந்த ஊரிலேயே அச்சகம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தவர் சீகன்பால்கு. அவர் கல்லறையும் அந்த ஆலயத்துக்குள்தான். நின்று பார்க்க வேண்டிய இடம்தான். நின்ற மருமகளை ஹாரன் கூப்பிட்டது. கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. பெரியப்பா தாளில் டிக் அடித்தார்.

இதோடு நின்றிருந்தால் அவரை மன்னித்திருக்கலாம். பூம்புகார் போனார்கள். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியதுதான். ஆனால் பூம்புகாருக்குப் பக்கத்திலேயே கீழப்பெரும்பள்ளத்தில் கேது இருக்கிறார், திருவெண்காட்டில் புதன் இருக்கிறார். "இவ்வளவு தூரம் வந்துட்டு, கேதுவ..." பார்த்தார்கள். கேதுவைப் பார்த்துவிட்டுப் புதனை விட முடியுமா? புதனைப் பார்த்தபின் வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய் என்ன பாவம் செய்தார்? நவக்கிரகங்களில் மூன்று முடிந்ததும் மிச்சம் ஆறு என்ற கணக்கு பெரியப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது. அதில் சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலோர விடுதியில் அறை எடுத்தவர்கள் காவிரிக் கரையோரமாகத் தஞ்சாவூர் வரை போனது இப்படித்தான்.

பகல் பன்னிரண்டரைக்கெல்லாம் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணியாகும். அந்த இடைவெளியிலாவது ஓய்வு உண்டு என்று நினைப்பவர்களுக்குப் பெரியப்பாவைத் தெரியாது. தாளில் அந்த நேரத்துக்கென்றே நடை சாத்தாத இடங்கள் தனியாகக் குறித்திருக்கும். உச்சி வெயிலில் கடற்கரையைக் காட்டியது அந்தக் கணக்கில்தான். மணலில் கால் வைக்க முடியவில்லை. "பாத்தாச்சுல்ல? ஏறுங்க." பையன்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது, ஈர டவுசரோடு வந்தால் வேன் சீட்டு நாசமாகும்.

தங்கை மகன் ஒருவன் மட்டும் விடியற்காலையில் வாட்ச்மேனோடு நழுவி, படகுகள் கரையேறுவதையும் மீன் ஏலம் போவதையும் பார்த்துவிட்டு வந்தான். சங்கரா எது, கொடுவா எது, கானாங்கெளுத்தி எது என்று அவனுக்கு இப்போது தெரியும். "மீன் நம்ம ஊர்லயே கிடைக்கும்டா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று திட்டு வாங்கினான்.

பெரியம்மா ஒரு தந்திரம் செய்து பார்த்தார். காளஹஸ்திக்குப் போனால் நேரே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பார்களே, அதைத் திருநள்ளாற்றுக்கும் நீட்டினார். "என்னங்க, சனீஸ்வரனைப் பாத்துட்டு வேற எங்கயும் போகக் கூடாதுங்க." காரைக்கால் பக்கம்தானே, காலையிலேயே போய்விட்டால் பயணம் முடிந்தது என்பது அவர் திட்டம். பெரியப்பா மறுக்கவில்லை. பேனாவை எடுத்துத் திருநள்ளாற்றைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார்.

பெரியப்பா தொலைபேசித் துறையில் வேலை பார்த்த காலத்தில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. என்ற பயணச் சலுகை கிடைக்கும், இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வயதான அப்பா அம்மாவைக் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கூட்டிப்போனது அந்தச் சலுகையில்தான். அடுத்தது நாலு வருஷம் கழித்து, அதுவரை அப்பா இருப்பாரோ என்னவோ. அப்போது தொற்றிய அவசரம் இது. இப்போதும் மொத்தச் செலவும் அவருடையதுதான். யாருக்குத் தலைவலி என்றாலும் மாத்திரை அவர் பையிலிருந்துதான் வரும்.

அதற்காக வேன் டிரைவரை அப்படி வதைத்திருக்கக் கூடாது. ராத்திரி பதினொன்றுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவரை, "தம்பி, நாலரைக்கெல்லாம் ரெடியா இரு" என்று சொல்வது அக்கிரமம். அவருக்கு அறை கிடையாது. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. இதில் விடுதிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. விருந்தாளிக்குப் பிரம்பு நாற்காலி தேடி வாங்கியவர்கள், டிரைவர் படுக்க ஒரு கட்டில் போட்டிருக்கலாம். மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே பஸ் வரும்போது அந்த மனிதர் கண்ணை விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய அன்றே அட்டவணை குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. இடங்கள், நடை திறக்கும் நேரம், எங்கே இட்லி நன்றாக இருக்கும், எல்லாம். சின்னம்மா போன் செய்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"இருந்துச்சு. வேன்லேருந்தே நல்லாத் தெரிஞ்சுது."

மே மாதத்துக்கு சின்னம்மா குடும்பம் அதே விடுதியில் அறை சொல்லியிருக்கிறது. வழி தெரிந்தவர் என்பதால் அதே டிரைவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் போனை எடுக்கவில்லை.